கோழி ஆகாத வீடு

பிப்ரவரி 5, திங்கள். திருச்சி

இந்த நோட்டுப் புத்தகம் என் மகள் கஸ்தூரி வாங்கிக் கொடுத்தது. “அப்பா, ஃபோன்ல எது கேட்டாலும் ‘எல்லாம் நல்லா இருக்கு’ன்னு முடிச்சிருவீங்க. எழுதுங்க. எழுதுனா பொய் வராது” என்றாள். இருபத்தெட்டு வருஷம் மலேசியாவில், கூலிம் ஊரில், பள்ளிக்கூடக் கேண்டின் நடத்தியவன் நான். ‘இன்றைய சிறப்பு உணவு’ என்று பலகையில் எழுதி வைத்ததில் பாதி முந்தின நாள் மிச்சம். எழுத்திலும் பொய் வரும் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை.

பெயர் அர்ச்சுனன், வயது அறுபத்தொன்று. வந்த காரியம், என் தாத்தா பெரியசாமி பிறந்த ஊரைக் கண்டுபிடிப்பது.

என் கல்யாணப் பந்தலில் பெண்ணின் தாய்மாமன் என் அப்பாவைப் பார்த்து, “சம்மந்திக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். மலேசியாவில் நாலு தலைமுறை ஆனாலும் இந்தக் கேள்வி மட்டும் போகாது. அப்பா, “துறையூர்ப் பக்கம்” என்றார். “பக்கம்னா?” என்றார் அவர். அப்பாவுக்கு அதற்கு மேல் தெரியாது. பந்தலே சிரித்தது. அன்றிலிருந்து என் மனைவி கமலவேணியின் வீட்டில் எனக்குப் பெயர் ‘துறையூர்ப் பக்கம்’. “துறையூர்ப் பக்கம் பசியாறியாச்சா?” என்று கேட்பார்கள். விளையாட்டுக்குத்தான். முப்பத்தாறு வருஷத்தில் எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

தாத்தாவைப் பற்றி அப்பா சொல்லி வைத்தது கொஞ்சம்தான். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் ஏறினார். ஊருக்குப் பக்கத்தில் மலை. சாயங்காலம் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் விழும். சாமி பற்றியும் ஒன்று சொல்வார், அது இங்கே தேவையில்லை.

பயண ஏற்பாட்டுக்காரர்கள் வாடகைக் காடியோடு ஓர் ஓட்டுநரையும் கொடுத்திருக்கிறார்கள். தர்மலிங்கம், நாற்பத்தைந்து வயது இருக்கும். “கவலையே படாதீங்க சார். போன மாசம் மொரீசியஸ்காரர் ஒருத்தருக்கு ரெண்டே மணி நேரத்துல ஊரைக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன்” என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, “மனசு இருந்தா கெடைக்கும் சார்” என்றார்.

விடுதித் தேநீரில் சீனி அதிகம்.

பிப்ரவரி 6, செவ்வாய். மூலக்காட்டுப்பட்டி

கிடைத்துவிட்டது.

எழுத்து கோணலாக வருகிறது. காலையில் மூன்று ஊர் பார்த்தோம். எல்லா ஊரிலும் பெரியசாமி உண்டு. இந்தப் பக்கம் தெருவில் நின்று பெரியசாமி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாலாவது ஊர் இது. டீக்கடையில் நல்லுசாமி என்பவர் உட்கார்ந்திருந்தார், ஊர் நாட்டாமை. தர்மலிங்கம் போய் விசாரித்தார். நல்லுசாமி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பினாங்குக்குப் போன பெரியசாமி பேரனா நீங்க? அண்ணனோட கோவிச்சுக்கிட்டுப் போனாரே, அவருதான?” என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணனோடு சண்டை என்பதை அவராகவே சொன்னாரா, தர்மலிங்கம் முன்னால் எடுத்துக் கொடுத்தாரா என்று இப்போது யோசித்தால் வரிசை ஞாபகம் வரவில்லை. அவராகத்தான் சொல்லியிருப்பார்.

பெரியசாமியின் அண்ணன் மகன் உயிரோடு இருக்கிறார். அய்யாக்கண்ணு, எண்பத்து மூன்று வயது, பக்கவாதம் வந்து ஒன்பது வருஷமாகக் கட்டிலில். எனக்குப் பெரியப்பா முறை. அவருடைய ஒரே மகள் தனக்கொடி. கட்டிக் கொடுத்த இடத்தில் பிள்ளை இல்லை என்று பேச்சுக் கேட்டு, வெகு நாளைக்கு முன்பே திரும்பி வந்து, சின்ன வெங்காயம் பயிர் போட்டு அப்பாவைக் காப்பாற்றுகிறாள். அவளுக்கு நான் அண்ணன். நல்லுசாமிக்கு நான் மாப்பிள்ளை முறையாம், “மாப்ள, மாப்ள” என்று முதுகில் தட்டுகிறார். காலையில் யாருக்கும் ஒன்றுமில்லாதவன், மத்தியானத்துக்குள் ஓர் ஊருக்கே உறவாகிவிட்டேன். எந்த முறையை யாரிடம் சொல்வது என்று தலை குழம்புகிறது.

பெரியப்பா என்னை உற்றுப் பார்த்தார். நல்லாயிருக்கிற இடது கையைத் தூக்கி என் மீசையைத் தடவினார். “எங்கைய்யா மீச” என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது. எனக்குத் தலையில் ஒன்றும் இல்லை, இருப்பது மீசைதான். மாதம் ஒரு முறை மை போட்டு வளர்த்தது. அதற்கு இப்படி ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று நினைக்கவில்லை. அழுதேன். தனக்கொடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நல்லுசாமி வீட்டு மாடி அறையில் தங்கல். கொசுவலை இருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

ஐந்தரைக்கு எழுந்து மலையைப் பார்க்கப் போனேன். அப்பா சொன்ன மலை. பச்சைமலை என்று பெயர். சூரியன் அதற்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தது.

விழும் என்றுதான் அப்பா சொன்னார். விமானத்தில் வந்தவனுக்குத் திசை குழம்புவது சகஜம்.

தனக்கொடி வெங்காயத்தை அடுக்கி வைக்கும் பட்டறை முன்னால் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். “என்னண்ணே, மலையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள்.

“சூரியன் இந்தப் பக்கமாவா வருது?”

“எங்களுக்கு எப்பவும் இந்தப் பக்கமாத்தான் வருது” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பசியாறிட்டீங்களா?” என்று நான் கேட்டதும் மறுபடி சிரித்தாள். காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு மரியாதையாக இங்கே யாரும் கேட்பதில்லையாம்.

பத்து மணிக்குக் குலதெய்வம் கோவில். ஊருக்கு வெளியே வேப்பந்தோப்பில் செல்லாயி அம்மன். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டி, “பங்காளி மொத ஆளா நில்லுங்க” என்றார். முதல் ஆளாக நின்றேன். என் வாழ்நாளில் எந்தக் கோவிலிலும் எனக்கு வரிசையில் பத்துப் பேர் முன்னால் இருந்திருக்கிறார்கள்.

நல்லுசாமி விளக்கினார். இந்த அம்மனுக்கு ரத்தம் ஆகாது. பங்காளி வீடுகளில் கோழி வளர்க்க மாட்டார்கள், முட்டை வாங்க மாட்டார்கள், கோழி தொட்ட கையால் அம்மன் காரியம் எதையும் தொட மாட்டார்கள். “ஆடு கூட ஊரான் வீட்ல தின்னுக்கலாம் மாப்ள. கோழி மட்டும் ஆவாது.” ஏன் என்று கேட்டேன். யாரோ ஒரு முன்னோர் சத்தியம் செய்து கொடுத்தாராம். என்ன சத்தியம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் லயத்து வீட்டில் குடியிருந்த ரப்பர்த் தோட்டத்தில் வருஷா வருஷம் ஆடி மாதம் அப்பா சேவல் அறுப்பார். ஈரல் மூத்த மகனுக்கு, அதாவது எனக்கு. கடல் தாண்டிப் போனால் பழக்கம் மாறத்தான் செய்யும். பக்கத்து லயத்துக்காரனைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். இதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

கமலவேணிக்கு வீடியோவில் பரிவட்டத்தைக் காட்டினேன். “நல்லா இருக்குங்க” என்றாள். பிறகு, “ஆமா, உங்க தாத்தாவுக்குக் கோழின்னா உசுருன்னு உங்கப்பா சொல்வாரே?” என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

தனக்கொடி கொடுத்த சீட்டோடு துறையூர் போய்ப் பெரியப்பாவுக்கு மருந்தும், படுக்கையில் விரிக்கும் ரப்பர் துணியும் வாங்கி வந்தோம். துணியில் இரண்டு நிறம் இருந்தது. நீலம் வாங்கினேன்.

மதியம் அங்கேயே சாப்பிட்டோம். மூன்று நாளாகச் சாம்பார். என்ன சாப்பிட்டோம் என்பது முக்கியமில்லை. அரிசி நல்ல அரிசி, வேகவும் சரியாக வெந்திருந்தது, பட்டை கொஞ்சம் தூக்கல். தர்மலிங்கத்திடம் ஊரில் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“சார், கொல்லிமலை அடிவாரத்துல ஏழெட்டு ஊரு இருக்கு. அதுவும் துறையூர்ப் பக்கம்தான். சும்மா ஒருவாட்டி கேட்டுப் பாத்துடலாமா?”

“எதுக்கு? அதான் கெடைச்சிருச்சே.”

திரும்பும்போது மேற்கே சூரியன் ஒரு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. என்ன மலை என்று நான் கேட்கவில்லை. கொல்லிமலை என்று அவராகச் சொன்னார். வெயில் கண்ணில் அடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. செவிலியர் வந்து பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நல்லுசாமியும் இன்னும் நாலு பேரும் என் அறைக்கு வந்தார்கள். அய்யாக்கண்ணு வழியில் ஆண் பங்காளி வேறு யாரும் இல்லை. கொள்ளி வைக்க ஆள் கிடையாது. “பொண்ணு வெக்கட்டும்னு அய்யாக்கண்ணு மாமா ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. எங்களுக்கு அரை மனசு. பொம்பள சுடுகாடு வர்றது இந்த ஊர்ல நடந்ததில்ல. சரி, வேற வழியில்லன்னு தலையாட்டுனோம். இப்ப பாருங்க மாப்ள, அம்மனே கப்பலேத்தி ஒங்களக் கொண்டாந்து விட்டுருக்கு.”

விமானம் என்று திருத்தவில்லை. “நான் என்னங்க செய்யணும்?” என்றேன். மொட்டை, மீசை எடுக்கணும், குடம் தூக்கணும், நெருப்பு வைக்கணும். எல்லாவற்றையும் அவர்களே சொல்லிக் கொடுப்பார்களாம். தலையாட்டினேன். முப்பத்தாறு வருஷமாக எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு, சொந்த மண்ணில் ஒருவருக்குக் கொள்ளி வைத்தவன் என்று பதில் சொல்லலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வந்தது வந்ததுதான்.

சாயங்காலம் தனக்கொடி வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஒம்பது வருசமா அவரு பீ, மூத்திரம் அள்ளுனது நானு. அதுக்குக் கூலியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான்தான் வெப்பேன்னு. சரின்னு சத்தியம் பண்ணிக் குடுத்துருக்காரு. நீங்க ‘எனக்கு வேணாம், அவளே வெக்கட்டும்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் சொன்னா எடுபடாது.”

“ஊர் என்ன முடிவு பண்ணுதோ அதுதானம்மா” என்றேன்.

“சரிங்கண்ணே” என்று போய்விட்டாள். அழவில்லை.

நான் சொன்னதில் தப்பில்லை. விருந்தாளி ஊர் வழக்கத்தில் தலையிடக் கூடாது. ஆனால் விருந்தாளி கொள்ளி வைப்பானா? பங்காளி என்றால் பேசலாமே? எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. தலைவலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 10, சனி

பெரியப்பா விடியற்காலை போய்விட்டார். இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்த மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

பந்தல் போட்டாயிற்று, பறை வந்தாயிற்று. சனிக்கிழமைச் சாவு. “சனிப் பொணம் தனியாப் போவாது, பாடையில ஒரு கோழிக்குஞ்சக் கட்டுங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள். நல்லுசாமி சீறினார். “இந்த வீட்டுப் பாடையில கோழி ஏறுமா? எண்பத்தி மூணு வருசம் ஒரு முட்டையத் தொடாத மனுசன். தேங்காயக் கட்டு.”

என்னை முற்றத்தில் ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். தலையில் எடுக்க அதிகம் இல்லாததால் முடி எடுப்பவர் மீசையிலிருந்து தொடங்கினார். தனக்கொடி சுவரோரம் நின்றாள், கையில் புது மண்குடம். அதை அவளே சந்தைக்குப் போய்த் தட்டிப் பார்த்து வாங்கி, ஒரு வருஷமாகப் பரண்மேல் வைத்திருந்தாளாம். நல்லுசாமி அதை அவள் கையிலிருந்து வாங்கி என் பக்கத்தில் வைத்தார். அவள் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் நீட்டியபடியே நின்றாள்.

கேண்டினில் நான் பார்த்திருக்கிறேன். வரிசையில் வந்து தட்டை நீட்டும் பிள்ளையிடம் சோறு தீர்ந்துவிட்டது என்று சொன்னால், தட்டைக் கீழே இறக்க அதற்கு ஒரு நிமிஷம் ஆகும்.

“நிறுத்துங்க” என்றேன். வலது பக்க மீசை அதற்குள் போயிருந்தது.

“கத்தி பட்டுருச்சா?” என்றார் முடி எடுப்பவர்.

“நான் கோழி தின்னவன்” என்றேன்.

நல்லுசாமி குனிந்து, மெதுவாக, “அது அசலூர்ப் பழக்கம் மாப்ள, அம்மன் மன்னிச்சுரும். உக்காருங்க” என்றார்.

“முந்தாநாள் தின்னேன். துறையூர்ல. பிரியாணி. கூட ஒரு முட்டையும்.”

பறை நின்றது. எல்லோரும் தர்மலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தீட்டுக் கழித்து உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம் வந்தது. அதைவிட, மறுபடி உட்கார்ந்துவிடுவேனோ என்றுதான் அதிக பயம். அதனால் மீதியையும் சொன்னேன். அப்பா சேவலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆடியிலும் சொல்லும் வார்த்தை. “கொல்லிமலைக் கீழப்பக்கத்துக் கருப்பா, கடல் தாண்டியும் ஒன்னய மறக்கல, ஏத்துக்க.” பத்து வயதிலிருந்து எனக்கு மனப்பாடம். கமலவேணிக்கும் கஸ்தூரிக்கும் தெரியும். திங்கட்கிழமை இந்த நோட்டில் ‘அது இங்கே தேவையில்லை’ என்று எழுதினேனே, அது இதுதான். உங்கள் பெரியசாமி வேறு, எங்கள் பெரியசாமி வேறு. நான் இந்த வீட்டுப் பங்காளி இல்லை.

“அப்ப எதுக்குய்யா பரிவட்டம் கட்டிக்கிட்டு நின்னீங்க?” என்றார் நல்லுசாமி. மாப்ள போய் ‘ய்யா’ வந்துவிட்டது.

“ஆசையா இருந்துச்சு” என்றேன்.

“நீங்க என்ன ஆளுங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இங்கே அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். “துறையூர்ப் பக்கம்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும். நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “கொடத்த அந்தப் புள்ளகிட்டக் குடுங்க” என்றார். யாரும் குனியவில்லை. தனக்கொடியே வந்து எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கூட்டத்துக்குப் பின்னால் இருபதடி தள்ளி நடந்து போனேன். அவள் குடத்தைச் சுமந்து மூன்று சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட்டார்கள், தண்ணீர் அவள் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நெருப்பு வைத்தாள். “நல்லாத்தான் வெச்சா” என்று முடி எடுப்பவர் என் காதில் சொன்னார். பிறகு, “வாங்க, அந்த மீதியையும் எடுத்துடறேன். பாக்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கு” என்றார். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஒட்ட மீசையே இல்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதுதான் மரியாதை. ஆனால் சாவு வீட்டில் அன்று அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. மாமன் மச்சான் முறைக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். முறைக்காரர் நல்லுசாமி கோபத்தில் படுத்துவிட்டார். மணி நாலு. அந்த வீட்டில் பதினைந்து பெண்கள் காலையிலிருந்து பட்டினி. இதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது என் தொழில். நல்லுசாமியின் மனைவியிடம் போய், “அம்மா, ஒரு பெரிய அண்டா இருக்குமா?” என்று கேட்டேன். அவர் அண்டாவையும் அரிசியையும் எடுத்து வைத்துவிட்டு, விறகையும் காட்டினார். கோழி தொட்ட கை என்று நினைத்துக் குளித்துவிட்டு வந்து, சோறு, மிளகு ரசம், பருப்புத் துவையல் செய்தேன். தர்மலிங்கம் ஒரு பக்கம் பிடிக்க, தூக்கிக்கொண்டு போனோம்.

இலை போட்டோம். யாரும் உட்காரவில்லை. யார் என்றே தெரியாத ஆள் ஆக்கிய சோறு. நான் கரண்டியோடு நின்றேன். இவ்வளவு வருஷத்தில் என் சோற்றின் முன்னால் யாரும் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

தனக்கொடி ஈரத் தலையோடு உள்ளேயிருந்து வந்தாள். நேராக இலை முன்னால் உட்கார்ந்தாள். “போடுங்க” என்றாள். போட்டேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசினாள்.

“சூரியனப் பாத்து முழிச்சீங்களே, அன்னிக்கே எனக்குச் சந்தேகம். ஐயாகிட்டச் சொல்லிடலாம்னு உள்ள போனேன். தம்பி மவன் வந்துட்டான்னு கண்ணத் தொறந்து வெச்சிருந்தாரு. ஒம்பது வருசத்துல அப்படி நான் பாத்ததில்ல. வாயடைச்சுப் போச்சு.”

“மன்னிச்சிரும்மா. நேத்தே சொல்லியிருக்கணும்” என்றேன்.

“சொல்லியிருக்கணும்தான்” என்றாள். ரசத்துக்குக் கை நீட்டினாள். “பங்காளி இல்லேன்னுட்டீங்க. பங்காளியா இருந்தா இன்னிக்கு எங்களுக்குச் சோறாக்க முடியாது. அப்ப நீங்க எனக்கு மாமன் முறை. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா. உப்புதான் ஒரு கல்லு கம்மி.”

மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உப்பு உண்மையிலேயே கம்மிதான்.

பிப்ரவரி 12, திங்கள்

வீடியோவில் பார்த்துக் கமலவேணி முதலில் யாரோ என்று நினைத்து வைத்துவிட்டாள். மறுபடி எடுத்து எல்லாம் சொன்னேன். ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்லவில்லை. “மீச இல்லாம உங்களப் பாத்தா பாவமா இருக்குங்க. எப்ப வர்றீங்க?” என்றாள்.

இன்று இரவுதான் விமானம். நான் போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில், கொள்ளி வைத்தவர் தலையில் மாமன் முறைக்காரர் உருமால் கட்ட வேண்டும். இனி இந்த வீட்டுக்கு இவர்தான் தலை என்று ஊருக்குச் சொல்லும் தலைப்பாகை. நல்லுசாமி சொல்லிவிட்டார், “நெருப்பு வெச்சது வெச்சாச்சு. பொம்பள தலையில உருமா கட்ட என் கை வராது.” தனக்கொடி வந்து என்னிடம் கேட்டாள். இந்த முறை வாசற்படியில் நிற்கவில்லை, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

“யார்னே தெரியாத ஆள் கட்டுனா செல்லுமா?” என்றேன்.

“தெரியல மாமா. கட்டிப் பாப்போம்.”

பிப்ரவரி 17, சனி

தர்மலிங்கத்தோடு கொல்லிமலை அடிவாரம் போய் வந்தேன். ஏழு ஊர். ஏழிலும் சூரியன் மலைக்குப் பின்னால்தான் விழுகிறதாம். கப்பலேறிய பெரியசாமி மொத்தம் பதினொரு பேர். டீ நன்றாக இருந்தது.

பிப்ரவரி 23, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை காரியம். நல்லுசாமி நேற்று மாடிக்கு வந்து உட்கார்ந்தார். பத்து நாளைக்குப் பிறகு பேச்சு. “அவ வீட்டுக்கு நீங்க மாமன்னா, எனக்கு நீங்க பங்காளி ஆவுதே?” என்றார். எனக்குக் கணக்குப் புரியவில்லை என்றேன். “எனக்கும் புரியல” என்றார். போகும்போது, “காரியத்தன்னிக்கும் அந்த ரசத்தையே வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று உருமால் வாங்கத் துறையூர் போனேன். ஜவுளிக்கடைக்காரர், “யாருக்குங்க, தலை சைஸ் என்ன? மகனுக்கா, மருமகனுக்கா?” என்று கேட்டார். ஒரு பெண்ணுக்கு என்றேன். அவர் பணியாளைப் பார்த்தார். பணியாள் என்னைப் பார்த்தார். தனக்கொடிக்கு இடுப்பு வரை முடி, பெரிய கொண்டையாக முடிந்திருப்பாள். கொண்டைக்கு மேலே கட்ட வேண்டுமா, கொண்டையை விட்டுக் கட்ட வேண்டுமா, எத்தனை முழம் பிடிக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பத்தாமல் போய்விடக் கூடாது என்று ஒரு முழம் கூடவே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.